பாய்வள்ளத்தில பொழுதுபடுறத பாக்க கொழும்புக்கு கிட்ட எங்க போகலாம்? அம்மாவும் சின்னப் பிள்ளையளும் வருகினம்

வெள்ளவத்தை_தங்கச்சி:

வணக்கம் எல்லாருக்கும், ஒரு உதவி கேக்கோணும். அண்ணா குடும்பம் கனடாவில இருந்து ஜனவரி கடைசியில வருகினம், 11 வருசத்துக்குப் பிறகு. அண்ணா, அண்ணி, 10 வயசிலயும் 7 வயசிலயும் ரெண்டு பிள்ளையள், அதோட நான், இவர், எங்கட அம்மா. மொத்தம் 7 பேர். அம்மாக்கு 68, முழங்கால் நோ இருக்கு, ஆனா வீட்டில இருங்கோ எண்டு சொன்னா கேக்கிற ஆள் இல்ல.

அண்ணா போன் எடுக்கிற நேரமெல்லாம் ஒண்டத்தான் சொல்லுறார். எஞ்சின் சத்தம் இல்லாத, பாய் கட்டின வள்ளத்தில பொழுதுபடுற நேரம் ஒரு சுத்து போகோணுமாம். ஆறோ களப்போ எதெண்டாலும் பரவாயில்லையாம். நாங்கள் சின்னனா இருக்கேக்க அப்பா எங்கள பின்னேரங்களில யாழ்ப்பாணத்துப் பண்ணைப்பாலத்தடிக்கு சைக்கிளில கூட்டிக்கொண்டு போவார், அண்ணா பின்னால கரியரில, நான் முன்னால பாரில. பாலத்துக் கட்டில இருந்து தீவுப்பக்கமா பாய் விரிச்சு வாற வள்ளங்கள எண்ணுவம். ஒருநாள் அதில ஏத்திக்கொண்டு போறன் எண்டு அப்பா சொல்லிக்கொண்டே இருந்தவர், பிறகு பிரச்சினையள் வந்து நாங்கள் கொழும்புக்கு வந்திட்டம், அப்பாவும் போயிட்டார். அண்ணாக்கு அது மனசுக்குள்ள கிடக்குது, எனக்கும்தான்.

யாழ்ப்பாணம் போற அளவுக்கு இந்த முறை அவையிட்ட நாள் இல்ல, மொத்தம் 9 நாள்தான் நிக்கினம். அதால கொழும்பில இருந்து ஒரு நாளுக்குள்ள போய் வாற மாதிரி இடம் வேணும். களனி ஆத்தில இப்படி ஏதும் இருக்கோ? பெந்தோட்டை ஆறு எண்டு ஒராள் சொன்னவ, நீர்கொழும்பு எண்டு இன்னொராள் சொன்னவ. ஒரு இடத்துக்கு போன் பண்ணிக் கேட்டன், 25 பேர ஒண்டா ஏத்தி பாட்டு போட்டு கூட்டிக்கொண்டு போறதாம், அது எங்களுக்கு சரிவராது. வீட்டு ஆக்கள் மட்டும், அமைதியா போகோணும். பிள்ளையளுக்கும் அம்மாக்கும் பாதுகாப்பா இருக்குமோ, எத்தின மணிக்கு ஏறோணும், ஹோட்டல் மூலமா பேசுறது நல்லமோ நேரா வள்ளக்காரரோட கதைக்கிறது நல்லமோ, தெரிஞ்சவை சொல்லுங்கோ.


முகத்துவாரம்_ஆத்தங்கரை:

தங்கச்சி, களனி ஆத்த பத்தி நான் சொல்றேன், நான் பொறந்து வளர்ந்ததே ஆறு கடல்ல சேர்ற எடத்துலதான். இப்ப அந்த ஆத்துல பாய் கட்டின படகுல ஆளுங்கள கூட்டிட்டு போறத நான் பாத்ததே இல்ல. மணல் எடுக்குறவங்க, மீன் பிடிக்கிறவங்க இருப்பாங்க, சுத்திப்பாக்கப் போற மாதிரி ஒண்ணும் இல்ல. மொகத்துவாரத்துல மண்திட்டு வேற, ஆத்துத் தண்ணியும் கடல் அலையும் மோதுற எடம், பிள்ளைங்கள வச்சிக்கிட்டு அங்க போகவே வேணாம்.

ஆனா ஒரு காலத்துல இந்த ஆறு படகாலதான் வாழ்ந்துச்சு. தொட்டலங்கன்னு நாம சொல்ற எடத்தோட பேரே படகுத்துறைக்குப் பக்கம்னு சிங்களத்துல அர்த்தம். அங்க 1822ல படகுங்கள வரிசையா நிறுத்தி அது மேல பலகை போட்டு பாலம் கட்டியிருந்தாங்க, ஆத்துல படகு போக வேண்டிய நேரம் நடுவுல ரெண்டு மூணு படகை வெலக்கி வழிவிடுவாங்களாம். 1895ல விக்டோரியா பாலம் வந்த பெறகுதான் அது போச்சு. எங்க தாத்தாவோட அப்பா அந்தப் பக்கம் தேங்கா ஏத்துற பாரு படகுல வேல செஞ்சவரு, ஓலைக்கூரை போட்ட பெரிய தட்டைப் படகு, நீர்கொழும்புப் பக்கத்துல இருந்து வாய்க்கால் வழியாவே கொழும்பு வரைக்கும் வந்துரும். அந்த வாய்க்கால் இன்னமும் இருக்கு, வத்தளை ஹெந்தளைப் பக்கம் ரோட்டோரமா ஓடும், டச்சு வாய்க்கால்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா அந்தத் துண்டு வெள்ளக்காரன் 1802ல தொடங்கி 1804ல முடிச்ச ஹமில்டன் வாய்க்கால். நீங்க நீர்கொழும்பு போறதா இருந்தா போற வழியில அண்ணனுக்கு காட்டுங்க.

பெந்தோட்டைக்கு நான் போயிருக்கேன், ஆறு அழகு, கண்டல் காட்டுக்குள்ள பூந்து போறது நல்லா இருக்கும், ஆனா எல்லாம் எஞ்சின் போட்டுதான். அண்ணன் கேக்குறது பாய், அதனால உங்களுக்கு நீர்கொழும்புதான். அங்க இருக்கறவங்க யாராவது சொல்லுங்கப்பா.


களப்புக்காத்து:

நான் நீர்கொழும்பு, களப்புக்கு அங்கால பிட்டிபன பக்கம். எங்கட வீட்டில இப்ப யாரும் தொழிலுக்கு போறதில்ல, ஆனா அப்பப்பா, பெரியப்பா எல்லாரும் ஒருவ என்ட பாய்வள்ளத்தில போனவங்க, நானும் ஸ்கூல் லீவில போயிருக்கிறன். அதால கொஞ்சம் விரிவா எழுதுறன், பொறுமையா வாசிங்க அக்கா.

முதல்ல, வெளிநாட்டுக்காரருக்கு இங்க கட்டமரான் என்டு சொல்லி விக்கிறது கட்டுமரம் இல்ல. கட்டுமரம் என்டா மரத்த சேத்து கட்டினது, எங்கட சொல்லுதான் இங்கிலீசுக்கே போனது, இங்க அத தெப்பம் என்டு சொல்லுவாங்க. நீங்க ஏறப்போறது ஒருவ. ஒடுக்கமான ஒரு வள்ளம், அதுக்கு ஒரு பக்கத்தில மட்டும் கொஞ்சம் தள்ளி தண்ணியில மிதக்கிற ஒரு கட்டை, சிங்களத்தில கொல்லாவ என்பாங்க, ரெண்டையும் சேக்கிறது வளைஞ்ச ரெண்டு கம்பு. முந்தி முழு மரத்த குடைஞ்சு அதுக்கு மேல பலகைய கயித்தால தைச்சு செய்வாங்க, இப்ப கனக்க பைபர். ஆனா கம்பையும் கட்டையையும் கட்டுற இடத்த பாருங்க, இன்னமும் கயிறுதான், ஆணி இல்ல. ஆணி அடிச்சா அலை அடிக்கிற நேரம் வெடிச்சிரும், கயிறு என்டா கொஞ்சம் இளகிக் குடுக்கும். ஏறினதும் அந்தக் கட்டு முறுகிற சத்தம் கேக்கும், பயப்பட வேணாம், அது அப்படித்தான் இருக்கோணும்.

ரெண்டாவது விசயம்தான் முக்கியம். எல்லாரும் வந்து சன்செட் எத்தின மணிக்கு என்டு கேட்டு அதுக்கு அரைமணித்தியாலம் முன்னுக்கு ஏற பாக்கிறாங்க. அது பிழை. பாய்வள்ளத்துக்கு சூரியன் நேரம் இல்ல, காத்து நேரம்தான் கணக்கு. ஜனவரி மாசம் வாடைக்காத்து காலம், விடிய விடிய கரைப்பக்கம் இருந்து கடலுக்கு காத்து அடிக்கும், அந்தக் காத்திலதான் முந்தி தொழிலுக்கு வெளிக்கிடுறது. மத்தியானம் தரை சூடானதும் கடற்காத்து எழும்பும், அந்தக் காத்தில திரும்பி கரைக்கு வாறது. எங்கட அப்பப்பாட வாழ்க்கையே இந்த ரெண்டு காத்துக்கு நடுவில போனதுதான். அந்தக் கடற்காத்து 3 மணி, 4 மணிக்கு நல்லா இருக்கும், பொழுதுபட பொழுதுபட செத்துரும். ஜனவரி கடைசியில சூரியன் மறையிறது 6.15, 6.20 மாதிரி. நீங்க 5.45க்கு ஏறினா பாய் சும்மா துணி மாதிரி தொங்கும், வள்ளக்காரர் பாவம் தண்டு வலிச்சோ இல்லாட்டி எஞ்சின ஸ்டார்ட் பண்ணியோ கூட்டிக்கொண்டு வருவார், பிறகு நீங்க அவர ஏசுவீங்க. 4 மணிக்கு ஏறுங்க. ஒரு மணித்தியாலம் நல்ல ஓட்டம் ஓடுங்க, பிறகு களப்பு நடுவில மெதுவா நிண்டு பொழுதுபடுறத பாருங்க, கடைசி ஓட்டம் கரைக்கு வாற மாதிரி வைக்கச் சொல்லுங்க.

மூண்டாவது, கடற்பக்கமா களப்புப்பக்கமா என்டு தெளிவா பேசோணும். ஹோட்டல் வரிசையா இருக்கிற பீச்சில இருந்து போறது கடலுக்கு, அலைக்குள்ளால தள்ளி ஏத்துவாங்க, இடுப்பு வரைக்கும் நனையும், அம்மாக்கு சரிவராது. களப்பு அப்படி இல்ல, பெரிசு, ஆனா ஆழம் குறைவு, கனக்க இடத்தில ஒராள் எழும்பி நிக்கலாம். ஆனா களப்பு கடலோட சேருற வாய்ப்பக்கம் மட்டும் நீரோட்டம் இழுக்கும், அங்க போக வேணாம் என்டு முதலே சொல்லுங்க. தெற்குப்பக்கம், முத்துராஜவெல சதுப்பு நிலத்த பாத்த பக்கம், கண்டல் கரையோரம் போகச் சொல்லுங்க. கட்டுவலைக்கு தடி நட்டிருக்கிறதும், மீன் வந்து ஒதுங்க கண்டல் கொப்பு குவிச்சு வைச்சிருக்கிறதும், தடிக்குத் தடி நீர்க்காகம் செட்டைய விரிச்சு காய வைக்கிறதும் காணலாம்.

7 பேருக்கு ஒரு ஒருவ காணாது. ரெண்டு எடுங்க. ஹோட்டல் மூலமா போனா வள்ளக்காரர்ட கைக்கு போறது குறைவு, நேரா கதைச்சா ரெண்டு பேருக்கும் நல்லம், காசையும் நேரத்தையும் எந்தப் பக்கம் போறது என்டதையும் ஏற முதல் பேசி முடிங்க. ஞாயிற்றுக்கிழமை கனக்க பேர் கடலுக்கு போகமாட்டாங்க, பூசைக்கு போவாங்க, பூசை முடிஞ்ச பிறகு ஆளப் பிடிச்சா ஆறுதலா கதைக்கலாம்.


தெஹிவளை_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், களப்புக்காத்து தம்பி சொன்ன காத்துக் கத நூத்துக்கு நூறு சரி. நான் வேல விசயமா எகிப்துக்கு போன நேரம் அஸ்வான்ல நைல் நதியில பெலுக்கால போன. முக்கோணப் பாய், பெரிய அகலமான படகு, குஷன் எல்லாம் போட்டு இருக்கும். அந்தப் படகுக்காரர் சொல்லித் தந்த ஒரு விசயம் இன்னமும் மறக்கல்ல, நைல் ஓடுறது தெற்கில இருந்து வடக்குக்கு, காத்து அடிக்கிறது வடக்கில இருந்து தெற்குக்கு. அதால மேல போகோணும் என்டா பாய விரிச்சா சரி, கீழ வரோணும் என்டா பாய சுருட்டிட்டு ஆத்தோட விட்டா சரி. அல்லாஹ் அமைச்சுக் குடுத்த வழி, ஆயிரக்கணக்கான வருசமா அந்த நாடே அதில ஓடி இருக்கி. எங்கட களப்பில அப்படி ஒரு வசதி இல்ல, காத்து நிண்டா நிண்டதுதான், அதால தம்பி சொல்ற மாதிரி நேரத்தோட ஏறுங்க.

நாங்க போன வருசம் நீர்கொழும்புக்கு குடும்பத்தோட போய் பட்ட கஷ்டத்தையும் சொல்றேன். ஒரு இடத்தில முன்கூட்டியே காசு கட்டி புக் பண்ணின, சின்ன குரூப், 6 பேர் மட்டும் என்டு போன்ல சொன்ன. போய்ப் பாத்தா இன்னும் ரெண்டு குடும்பத்த அதே படகுல ஏத்தின, 13 பேர். லைப் ஜாக்கெட் 8 தான் இருந்த. பிள்ளைகள்ட அளவுக்கு ஒன்டும் இல்ல, என்ட சின்ன மகளுக்கு பெரியாக்கள்ட ஜாக்கெட்ட போட்டா கழுத்தால கழண்டு வருது. தண்ணிக்குள்ள விழுந்தா ஜாக்கெட் மேல வரும், பிள்ள கீழ போகும். நான் ஏறமாட்டேன் என்டு சொல்லி பொஞ்சாதி பிள்ளைகள இறக்கிட்டேன், காசு திரும்பக் கிடைக்கல்ல. மகள் அழுத, அந்த முழு நாளும் வீணா போன. ஆனா அண்டைக்கு ஏறி இருந்தா ராவைக்கு எனக்கு நித்திர வந்திருக்காது. அதால தங்கச்சி, 7 வயசுப் பிள்ளைக்கு அளவான ஜாக்கெட்ட நீங்களே கொழும்பில வாங்கிக்கொண்டு போங்க. பட்டிய இறுக்கிப் போட்டுட்டு தோள்பட்டையில பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க, ஜாக்கெட்டோட பிள்ளையும் சேந்து எழும்போணும், ஜாக்கெட் மட்டும் காதுக்கு வந்தா அது சரியில்ல.

இன்னொன்டு, எங்கட ஆக்கள் யாரும் இத வாசிச்சா, சூரியன் மறையிற நேரம்தான் மஃரிப் தொழுகை. படகுக்காரர்ட்ட முதலே சொல்லி பாங்கு சொல்ற நேரத்துக்கு கரைக்கு வாற மாதிரி பேசிக்கொள்ளுங்க, அவங்க மறுக்க மாட்டாங்க, பள்ளியும் கிட்டத்தான் இருக்கி.


வெள்ளவத்தை_தங்கச்சி:

எல்லாருக்கும் கோடி நன்றி, இவ்வளவு விளக்கமா சொல்லுவியள் எண்டு நான் நினைக்கேல்ல. அப்ப நீர்கொழும்பு, களப்புப்பக்கம், 4 மணி, ரெண்டு ஒருவ. ஜாக்கெட்டும் வாங்கிறம். இனி ஒரே யோசினை அம்மாதான். கரையில இருங்கோ, நாங்கள் போட்டு வாறம் எண்டு சொன்னனான், அதுக்கு அவ, கொப்பர் ஏத்திக்கொண்டு போறன் எண்டு சொன்னது உங்கள மட்டுமே, என்னையும் சேத்துத்தான் எண்டு சொல்லிட்டா. அதுக்கு மேல நான் என்னத்த கதைக்கிறது.


கொட்டாஞ்சேனை_டீச்சர்:

தங்கச்சி, நான் சொல்றத கோவிக்க வேணாம், அம்மாவ ஒருவயில ஏத்த வேணாம் என்டுதான் நான் சொல்லுவேன். நானும் என்ட மாமியாரும் போயிருக்கிறோம், அவவுக்கு முழங்கால் நோ இல்ல, அப்படியும் கஷ்டப்பட்டவ. ஒருவயில சீட் இல்ல. வள்ளம் அவ்வளவு ஒடுக்கம், இடுப்பு உள்ளுக்கு போகாது, மேல குறுக்கா போட்ட பலகையிலதான் இருக்கோணும், காலை நீட்டவும் ஏலாது மடக்கவும் ஏலாது ஒரு மாதிரி தொங்கும். அரை மணித்தியாலத்துக்கு மேல முழங்கால் நோகாரருக்கு அது வதை. அதோட பாய மாத்துற நேரம் சட்டென்டு குனியச் சொல்லுவாங்க, வயசான ஆளுக்கு அது லேசில்ல. அம்மாவ கூட்டிக்கொண்டு போங்க, ஆனா அவவுக்கு கதிரை போடக்கூடிய தட்டைப் படகு ஒன்ட வேற எடுத்து பக்கத்தில வரச் சொல்லுங்க. அவவும் தண்ணியில இருப்பா, உங்களையும் பாப்பா.


களப்புக்காத்து:

டீச்சர் சொல்றதில ஞாயம் இருக்கு. பாய மாத்துறது என்ன என்டு தெரியாதவங்களுக்கு சொல்றன், ஏனென்டா பிள்ளைகளுக்கும் முதலே சொல்லி வைக்கோணும். மத்த பாய்ப்படகு எல்லாம் திரும்போணும் என்டா மூக்க திருப்பும். ஒருவ அப்படி திரும்ப ஏலாது. அந்தப் பக்கக்கட்டை எப்பவும் காத்து வாற பக்கமாத்தான் இருக்கோணும், மத்தப்பக்கம் போனா காத்து பாய அமத்தி கட்டைய தண்ணிக்குள்ள தாட்டு வள்ளத்த கவுத்துரும். அதாலதான் ஒருவட ரெண்டு நுனியும் ஒரே மாதிரி செஞ்சிருக்கு. திரும்ப வேண்டி வந்தா பாய முழுசா இந்த நுனியில இருந்து அந்த நுனிக்கு கொண்டு போவாங்க, சுக்கானுக்கு வைச்சிருக்கிற துடுப்பும் அங்கால போகும், இவ்வளவு நேரமும் முன்னுக்கு இருந்தது இனி பின்னுக்கு. அந்த ஒரு நிமிசம் பாய்க்கம்பு உங்கட தலைக்கு மேலால போகும். குனி என்டா குனியோணும், போன தூக்கி படம் எடுக்கிற நேரம் இல்ல அது.

காத்து கூடினா ஒராள் அந்த வளைஞ்ச கம்பில நடந்து போய் கட்டைக்கு மேல இருப்பார், பாரத்துக்கு. முந்தி எங்கட ஆக்கள் காத்த அளக்கிறதே அப்படித்தான், ஒராள் காத்து, ரெண்டாள் காத்து, மூண்டாள் காத்து. எத்தின பேர் வெளிய போய் இருந்தா வள்ளம் நிமிந்து நிக்குமோ அதுதான் காத்தின்ட பலம். மூண்டாள் காத்து என்டா சும்மா ஆக்கள ஏத்திக்கொண்டு போகக்கூடாது. அண்டைக்கு வள்ளக்காரர் வானத்தப் பாத்து இண்டைக்கு வேணாம் என்டு சொன்னா அவரோட வாதாட வேணாம் அக்கா, வேற நாள் வாங்க. வேணாம் என்டு சொல்ற ஆளத்தான் நம்பலாம்.

அம்மா விசயத்தில என்ட யோசினை இது. டீச்சர் சொன்ன மாதிரி தட்டைப் படகு ஒன்டு எடுங்க, அம்மாவும் இன்னும் ஒராளும் அதில இருக்கட்டும். காத்து செத்து எல்லாம் அமைதியா நிக்கிற நேரம், கடைசி கால்மணித்தியாலம், ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில பிடிச்சு அம்மாவ மெதுவா ஒருவக்கு மாத்தலாம், நடுவில பலகை அடிச்சிருக்கிற ஒருவயா பாத்து எடுத்தா. ஏறுறது இறங்குறது எல்லாம் வள்ளம் கட்டுற ஜெட்டியில, மணலில இல்ல. காலைல ஒருக்கா போய் வள்ளத்தையும் ஜெட்டியையும் கண்ணால பாத்திட்டு முடிவெடுங்க. நுளம்புக்கு ஏதாவது பூசுங்க, கண்டல் பக்கம் பொழுதுபட்டா கடிச்சு எடுத்துரும்.


முகத்துவாரம்_ஆத்தங்கரை:

ஏர்போர்ட் போற நாள்ல இத வச்சிக்க வேணாம், காத்து இல்லாம லேட்டாச்சின்னா பதட்டமாயிரும். முந்தின நாள் வைங்க. கோட்டையில இருந்து 240 பஸ் இருக்கு, ஆனா அம்மாவோட வேன்தான் நல்லது, ஹைவேல போனா சீக்கிரம் போயிரலாம். சாயந்தரம் திரும்புறப்ப வத்தளை சந்தி டிராபிக்ல மாட்டிக்காதீங்க.


வெள்ளவத்தை_தங்கச்சி:

பெப்ரவரி வந்திட்டுது, அண்ணாவை போன கிழமை பிளேன் ஏத்திட்டம். போன கதைய சொல்லாட்டி சரியில்ல எண்டு எழுதுறன்.

முதல் நாள் போகேல்ல. நாங்கள் வேன் பிடிச்சு ஹமில்டன் வாய்க்காலையும் பாத்துக்கொண்டு போய் இறங்க, வள்ளக்கார ஐயா கைய விரிச்சு இண்டைக்கு வேணாம், அங்க பாருங்க எண்டு காட்டினார், களப்பு முழுக்க சின்னச் சின்ன வெள்ளை அலை. பிள்ளையள் முகம் வாடிப் போச்சு. களப்புக்காத்து தம்பி சொன்னதுதான் ஞாபகம் வந்தது, சரி ஐயா எண்டு திரும்பி வந்து ரெண்டு நாள் கழிச்சு போனம்.

அண்டைக்கு 4 மணிக்கு சரியா ஏறினம். ஒரு ஒருவயில அண்ணாவும் அண்ணியும் பெரியவனும், மற்றதில நானும் இவரும் சின்னவளும், அம்மா தட்டைப் படகில பிளாஸ்டிக் கதிரையில குடையோட, ஐயான்ட மகன் ஓட்டினவர். பாய விரிக்க முதல் ஐயா சிரட்டையால தண்ணி அள்ளி பாயில விசிறினார், ஏன் எண்டு சின்னவள் கேட்டவள், நனைஞ்ச துணிதான் காத்த பிடிக்கும், காய்ஞ்ச துணிக்குள்ளால காத்து ஓடிப்போயிடும் எண்டார், அரைவாசி சிங்களம் அரைவாசி தமிழ். பாய் ஒருவித காவி நிறம், கனக்க இடத்தில ஒட்டுப் போட்டிருக்கு, ஒரு ஒட்டு மாப்பை துணி, அதில எழுத்துக்கூட இன்னும் அழியேல்ல. அது காத்தில நிமிந்த உடன வள்ளம் ஒருக்கா சரிஞ்சு பிறகு ஓடத் தொடங்கிச்சு பாருங்கோ, சத்தமே இல்ல. தண்ணி அடியில கிழியிற மாதிரி ஒரு சத்தம், அந்தக் கயித்துக் கட்டு முறுகிற சத்தம், அவ்வளவுதான். சின்னவள் ஐபேட் இல்லாம ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல இருந்ததை அண்ணி இன்னும் நம்பமாட்டா.

ஐயான்ட உதவிக்கு வந்த பெடியன் கம்பில வெறுங்காலோட நடந்து போய் கட்டைக்கு மேல குந்தினவர். உடன எங்கட பெரியவன் மற்ற வள்ளத்தில இருந்து பெரிசா கத்துறான், அத்தை, ஒராள் காத்து, ஒராள் காத்து எண்டு. நான் அவனுக்கு முதல்நாள் இரவு இந்தப் பதிவ வாசிச்சுக் காட்டினனான்.

5.45 தாண்ட காத்து அப்படியே விழுந்திட்டுது, நீங்கள் சொன்னது அச்சொட்டா. பாய் தளர்ந்து தொங்கிச்சு, மூண்டும் கிட்டக் கிட்ட நிண்டுது. ஐயாவும் அண்ணாவும் கையப் பிடிச்சு அம்மாவ பலகைக்கு மாத்தினவை, டீச்சர் அக்கா கோவிக்காதேங்கோ, நடுவில அகலமா பலகை அடிச்ச ஒருவதான், ஜாக்கெட்டும் போட்டிருந்தவ, ஒரு பத்து நிமிசம்தான் இருந்தா. ஒண்டும் கதைக்கேல்ல. பாய்ச்சீலைய மட்டும் ரெண்டு விரலால பிடிச்சு தடவிக்கொண்டிருந்தா, சேலைக்கடையில துணி பாக்கிற மாதிரி. சூரியன் தென்னைகளுக்குப் பின்னால இறங்கினாப் பிறகு, இது ஊர் வள்ளம் மாதிரி இல்லையடா, இதுக்கு பக்கத்தில கட்டையெல்லாம் இருக்கு எண்டு அண்ணாவிட்ட சொன்னா. அண்ணா ஓம் அம்மா எண்டார். பிறகு அவ, அடுத்தமுறை கூட நாள் லீவு போட்டுக்கொண்டு வா, பண்ணைக்கு போவம் எண்டா.

முழங்கால் ரெண்டு நாள் நொந்தது, எண்ணெய் பூசி விட்டனான், இப்ப சுகம். களப்புக்காத்து தம்பி, ஐயாவிட்ட உங்கட பதிவப் பற்றி சொன்னனான், அந்தப் பிள்ளையின்ட அப்பப்பா ஆர் எண்டு கேட்டவர். விருப்பமெண்டா எனக்கு தனியா ஒரு மெசேஜ் போடுங்கோ, அவரைப் பிடிக்கிற வழிய சொல்லுறன்.